ஐஸ் தொட்டியும் 50 மணி நேரப் படிப்பும்: அமெரிக்க மைதானங்களில் ‘அத்லெட்டிக் ட்ரெய்னர்’கள் ஏன் படித்துக்கொண்டே இருக்கிறார்கள்?

கணுக்கால் சுளுக்கிக்கொண்டால் என்ன செய்ய வேண்டும்? ஐஸ் வைக்க வேண்டும். பள்ளிக்கூட பி.இ.டி. மாஸ்டர் முதல் பக்கத்து வீட்டுப் பாட்டி வரை எல்லோருக்கும் தெரிந்த வைத்தியம் இது. ஓய்வு, ஐஸ், இறுக்கமான கட்டு, காலை உயர்த்தி வைப்பது என்ற நான்கையும் சேர்த்து ஆங்கிலத்தில் ‘ரைஸ்’ என்பார்கள். 1978-ல் தன் புத்தகத்தில் இந்தச் சுருக்கப் பெயரை எழுதி உலகம் முழுக்கப் பரப்பியவர், அமெரிக்க விளையாட்டு மருத்துவர் கேப் மிர்கின்.

அதே மிர்கின் 2014-ல், ‘ஐஸும் முழு ஓய்வும் காயம் ஆறுவதைத் தாமதப்படுத்தக்கூடும்’ என்று எழுதினார். வீக்கம் என்பது கெட்டது மட்டும் அல்ல, உடல் தன்னைத்தானே பழுதுபார்க்கும் வேலையின் ஒரு பகுதியும்கூட. அதை ஐஸ் வைத்து அமுக்கினால் வேலையும் தள்ளிப்போகிறது என்பது அவருடைய புதிய கருத்து. 2019-ல் கனடாவைச் சேர்ந்த இரண்டு பிசியோதெரபிஸ்ட்கள் ‘பீஸ் அண்ட் லவ்’ என்று வேறொரு சுருக்கத்தை முன்வைத்தார்கள். அதில் ஐஸுக்கு இடமே இல்லை. வலி தணிவதற்காகக் கொஞ்ச நேரம் ஐஸ் வைப்பதைப் பல மருத்துவர்கள் இன்றும் தவறு என்று சொல்வதில்லை. விவாதம் நடந்துகொண்டேதான் இருக்கிறது.

நமக்கு இது வாட்ஸ்அப்பில் வந்து போகும் ஒரு செய்தி. ஆனால், அமெரிக்காவின் பள்ளி, கல்லூரி மைதானங்களில் வேலை பார்க்கும் ‘அத்லெட்டிக் ட்ரெய்னர்’களுக்கு இது அன்றாடப் பிழைப்பு. காலேஜில் பரீட்சை எழுதிப் பாஸான பாடம், வேலைக்குச் சேர்ந்த பத்தாவது வருடம் தப்பாகிவிடுகிறது. அப்போது அவர்களுக்கு அதை யார் சொல்லித்தருவது? எப்போது, எங்கே வைத்து?

ஜிம் மாஸ்டர் இல்லை

‘ட்ரெய்னர்’ என்றதும் ஜிம்மில் டம்பெல் தூக்கச் சொல்பவர் நினைவுக்கு வருவார். இவர்கள் அவர்கள் இல்லை. இந்தக் குழப்பம் அமெரிக்காவிலும் உண்டு. வெறுமனே ‘ட்ரெய்னர்’ என்று கூப்பிட்டால் முகம் சுளிப்பார்கள். நம் ஊர் கிரிக்கெட் பார்ப்பவர்களுக்குச் சொல்வதென்றால், பேட்ஸ்மேன் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்ததும் பையோடு ஓடிவருவாரே பிசியோ, கிட்டத்தட்ட அவர் மாதிரி. அதோடு ஆம்புலன்ஸில் வரும் அவசர சிகிச்சை ஊழியரின் வேலையில் பாதியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். காயம் வராமல் தடுப்பது, வந்தால் கண்டுபிடிப்பது, முதல் சிகிச்சை, பிறகு பல வாரங்கள் உடற்பயிற்சி கொடுத்துத் திரும்ப மைதானத்துக்கு அனுப்புவது என எல்லாமே இவர்கள் பொறுப்பு.

தொழிலின் ஆரம்பம் எளிமையானது. கான்சஸ் மாநிலத்தில் கார்ட்னர் என்ற சிறிய ஊர். அங்கே கிராமர் சகோதரர்கள் சுளுக்குத் தைலம் தயாரித்து விற்றார்கள். வியாபாரம் வளர்ந்ததும், 1930-களில் பள்ளிக் கோச்சுகளுக்காகக் காயங்களைப் பற்றி ஒரு சிறு பத்திரிகையும் அனுப்ப ஆரம்பித்தார்கள். வேலை பார்க்கிற இடத்துக்கே தபாலில் வந்த பாடம் அது. தைலக் கம்பெனிதான் வாத்தியார் என்பதில் கொஞ்சம் சிரிப்பு வரலாம். அந்தக் காலத்தில் வேறு வாத்தியார்கள் அதிகம் இல்லை என்பதும் உண்மை. 1950-ல் கான்சஸ் சிட்டியில் கூடி, தேசிய அத்லெட்டிக் ட்ரெய்னர்கள் சங்கத்தைத் தொடங்கினார்கள். அமெரிக்க மருத்துவச் சங்கம் இவர்களை மருத்துவம் சார்ந்த தொழிலாக அங்கீகரித்தது 1990-ல். இன்று இந்த வேலைக்குள் நுழைய முதுகலைப் பட்டம் வேண்டும்.

பட்டத்தோடு முடிவதில்லை. சான்றிதழை வைத்துக்கொள்ள, இரண்டு வருடத்துக்கு ஒருமுறை 50 தொடர்கல்விப் புள்ளிகளைக் கணக்குக் காட்ட வேண்டும். தோராயமாக ஒரு மணி நேரப் படிப்புக்கு ஒரு புள்ளி. அதோடு சிபிஆர் உள்ளிட்ட இதய அவசர சிகிச்சைச் சான்றிதழும் காலாவதியாகாமல் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் சான்றிதழ் போய்விடும். பெரும்பாலான மாநிலங்களில் அதோடு வேலையும் போய்விடும்.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. சிக்கல் அந்த 50 எப்படிச் சேர்கிறது என்பதில்தான்.

டிசம்பர் மாத மாணவர்கள்

ஜார்ஜியா மாநிலத்தில் ஒரு அரசு உயர்நிலைப் பள்ளியை நினைத்துக்கொள்ளுங்கள். 1,500 மாணவர்கள், பதினைந்து விளையாட்டுகள், ஒரே ஒரு ட்ரெய்னர். நாற்பது வயதை நெருங்கும் பெண் என்று வைத்துக்கொள்வோம். மதியம் ஒரு மணிக்கு வேலைக்கு வந்தால், ஃபுட்பால் பயிற்சி முடிந்து கடைசிப் பையனை அவன் அம்மா காரில் ஏற்றிக்கொண்டு போகும்வரை அவருக்கு வேலை. வெள்ளிக்கிழமை மேட்ச் என்றால் வீடு திரும்ப நள்ளிரவு. இதுவே கொடுத்துவைத்த பள்ளி. நாடு தழுவிய ஒரு கணக்கெடுப்பின்படி, அமெரிக்க உயர்நிலைப் பள்ளிகளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குக்கு ட்ரெய்னரே கிடையாது.

இந்த வேலையில் அவர் எப்போது படிப்பார்? ஜூன் மாதம் சங்கத்தின் ஆண்டு மாநாடு நடக்கும். விமானக் கட்டணம், ஓட்டல் அறை, பதிவுக் கட்டணம் எல்லாவற்றையும் பள்ளி கொடுத்தால் போகலாம். கொடுக்காவிட்டால் இருக்கவே இருக்கிறது ஆன்லைன் வகுப்பு. குழந்தைகளைத் தூங்கவைத்துவிட்டு, துணி மடித்துக்கொண்டே வீடியோவை ஓடவிடலாம். கடைசியில் பத்துக் கேள்வி. தப்பாகப் போனால் திரும்ப எழுதலாம். சான்றிதழை பி.டி.எஃப்.பாக இறக்கிக்கொண்டால் ஒரு புள்ளி. கெடு டிசம்பர் 31. நம் ஊரில் மார்ச் மாதம் வருமான வரிக்காக அவசர அவசரமாக பாலிசி போடுகிறவர்களை நினைத்துக்கொண்டால், டிசம்பர் மாதத்து ட்ரெய்னர்களைப் புரிந்துகொள்வது சுலபம்.

அவர்கள் சோம்பேறிகள் அல்ல. மணிக்கணக்கைக் கேட்டால் மணிக்கணக்குத்தான் கிடைக்கும். மருத்துவர்களின் தொடர்கல்வி பற்றிய ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த ஒரு கட்டுரை, 1999-ல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் வெளியானது. உட்கார்ந்து கேட்கும் சொற்பொழிவு மருத்துவரின் நடைமுறையை மாற்றுவதில்லை. தானே செய்து பார்க்கிற, பேசி விவாதிக்கிற பயிற்சி மாற்றக்கூடும் என்பது அதன் சாரம். கேட்கும்போது தலையாட்டுகிறோம். திங்கட்கிழமை வழக்கம்போல் பழையபடியே செய்கிறோம். இது மருத்துவர்களுக்கு மட்டும் உள்ள வியாதி இல்லை.

சுளுக்கு விஷயத்தில் பழையபடியே செய்தால் நஷ்டம் பெரிதில்லை. பையன் இரண்டு நாள் தாமதமாக விளையாட வருவான். எல்லா இடத்திலும் அப்படி இல்லை.

ஐஸுக்கு வேலை கூடிய இடம்

கணுக்காலில் ஐஸின் மதிப்பு குறைந்துகொண்டிருந்த அதே காலத்தில், வேறொரு இடத்தில் அதன் மதிப்பு ஏறிக்கொண்டே போனது. அது ‘ஹீட் ஸ்ட்ரோக்’ என்கிற வெப்பத் தாக்கு.

அமெரிக்க ஃபுட்பாலில் பயிற்சி ஆகஸ்ட் மாதக் கொதிக்கும் வெயிலில் தொடங்கும். தலையில் ஹெல்மெட், தோளில் பலகை மாதிரி கவசம். ஒரு காலத்தில் பயிற்சியின்போது தண்ணீர் கேட்பதே கோழைத்தனம் என்று நினைத்தார்கள். 1954-ல் டெக்சாஸின் ஜங்ஷன் என்ற ஊரில் நடந்த ஒரு கல்லூரி அணியின் முகாம், தண்ணீர் இல்லாமல் வீரர்களை வாட்டியதற்காகவே இன்றும் பேசப்படுகிறது. 2001 ஆகஸ்ட் 1-ம் தேதி, மின்னசோட்டா வைகிங்ஸ் அணியின் கோரி ஸ்ட்ரிங்கர், பயிற்சி முகாமில் வெப்பத் தாக்கால் இறந்தார். கோடிகளில் சம்பளம் வாங்கும் தொழில்முறை வீரருக்கே இந்தக் கதி. அவர் பெயரில் கனெக்டிகட் பல்கலைக்கழகத்தில் 2010-ல் ஒரு ஆய்வு நிறுவனம் தொடங்கப்பட்டது.

சிகிச்சை என்னவோ மிக எளிது. உடலின் உட்புற வெப்பம் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டி, பேச்சு குழறி, நடை தள்ளாடினால், உடனே ஐஸ் தண்ணீர்த் தொட்டியில் கழுத்துவரை முக்க வேண்டும். விழுந்த அரை மணி நேரத்துக்குள் வெப்பத்தை 38.9 டிகிரிக்குக் கீழே கொண்டுவர வேண்டும். அதற்குப் பிறகுதான் ஆம்புலன்ஸில் ஏற்ற வேண்டும். ‘முதலில் குளிர்வி, பிறகு கொண்டுபோ’ என்பது விதி. ‘முதலில் ஆஸ்பத்திரிக்குத் தூக்கு’ என்று பழகிய நமக்கு இது தலைகீழாகத் தெரியும். ஆனால், கணக்கு தெளிவானது. மாசசூசெட்ஸில் ஆகஸ்ட் மாதம் நடக்கும் ஃபால்மத் சாலை ஓட்டப் பந்தயத்தில், 18 பந்தயங்களில் வெப்பத் தாக்குக்கு ஆளான 274 பேருக்கு இப்படிச் சிகிச்சை கொடுத்தார்கள். 274 பேரும் பிழைத்தார்கள். மருத்துவத்தில் நூற்றுக்கு நூறு என்பது அபூர்வம்.

ஆக, இது தெரியாத ட்ரெய்னர் அமெரிக்காவில் அநேகமாக யாரும் இருக்க மாட்டார். எல்லோரும் படித்திருக்கிறார்கள், எல்லோரும் பரீட்சையில் சரியாக டிக் அடித்திருக்கிறார்கள்.

2018 மே 29. மேரிலாந்து பல்கலைக்கழக ஃபுட்பால் அணியின் ஜோர்டன் மெக்நேர், 19 வயது, ஓட்டப் பயிற்சியின்போது வெப்பத் தாக்குக்கு ஆளானார். அறிகுறிகள் தெரிந்து அவசர எண்ணை அழைப்பதற்குள் சுமார் ஒரு மணி நேரம் போய்விட்டது. உடலின் உட்புற வெப்பத்தை அளக்கவில்லை. ஐஸ் தண்ணீர்த் தொட்டியில் முக்கவில்லை. ஜூன் 13-ம் தேதி அவர் இறந்தார். பல்கலைக்கழகமே அமர்த்திய வெளி நிபுணர்கள் விசாரித்துச் சொன்ன விவரங்கள் இவை. சட்டப்படியும் தார்மிகப்படியும் தனக்குப் பொறுப்பு உண்டு என்று பல்கலைக்கழகம் ஏற்றுக்கொண்டது.

தொட்டியில் ஏன் முக்கவில்லை? மெக்நேர் நல்ல ஆஜானுபாகுவான வீரர். அங்கிருந்த ட்ரெய்னர்கள் உருவத்தில் சிறியவர்கள். தண்ணீரில் இறக்கினால் பிடித்துக்கொள்ள முடியாமல் மூழ்கிவிடுவாரோ என்று பயந்தார்கள். விசாரணையில் வந்த பதில் இது.

இந்தப் பதிலைப் படித்துவிட்டுச் சும்மா கோபப்படுவது சுலபம். ஆனால், அந்தப் பயம் நிஜமான பயம். சுயநினைவு தடுமாறி, கையைக் காலை உதறுகிற பெரிய உருவத்தை ஒரு தொட்டியில் இறக்கிப் பாருங்கள். அதற்கும் வழி இருக்கிறது. ஒரு நீளமான துண்டையோ போர்வையையோ மார்புக்குக் குறுக்கே கொடுத்து, இரண்டு அக்குளுக்குக் கீழாக எடுத்து, தலைமாட்டில் நிற்கும் ஒருவர் பிடித்துக்கொண்டால் போதும். தலை தண்ணீருக்குள் போகாது. ஐந்து நிமிடத்தில் கற்றுக்கொள்ளலாம். ஆனால், வீடியோவில் பார்த்துக் கற்றுக்கொள்ள முடியாது. சொந்தத் தொட்டியில், சொந்த ஆட்களோடு, தன் அணியில் இருப்பதிலேயே பெரிய உருவத்தை ஒருமுறை இறக்கிப் பார்த்திருந்தால்தான் அந்தப் பயம் போகும்.

சொந்த மைதானத்தில் ஒரு வகுப்பு

வேலை பார்க்கும் இடத்திலேயே படிப்பது என்று இந்தத் துறையில் பேசுவது இதைத்தான். ஜார்ஜியா பள்ளியின் அந்த ட்ரெய்னர் அதை எப்படி நடத்துவார் என்று பார்க்கலாம்.

ஜூலை கடைசி. பயிற்சி தொடங்க இன்னும் சில நாள்கள். தொட்டி என்று பெயரே தவிர, அது மாடுகளுக்குத் தண்ணீர் காட்டுவதற்காகப் பண்ணைப் பொருள் கடையில் விற்கிற பெரிய பிளாஸ்டிக் தொட்டி. பல பள்ளிகளில் இதுதான் உயிர்காக்கும் கருவி. மைதானத்து வேலியோரம் நிழலில் வைத்துப் பாதிக்குமேல் தண்ணீர் நிரப்பி, பக்கத்தில் பெட்டி பெட்டியாக ஐஸ். கோச்சுகள், துணைக் கோச்சுகள், பள்ளிச் செவிலியர், இரண்டு ஆசிரியர்கள் எல்லோரும் வந்திருப்பார்கள். அணியின் 130 கிலோ பையன் ஒருவன் ‘நோயாளி’யாக நடிக்கச் சம்மதித்திருப்பான். அவனுக்கு ஒரே சிரிப்பு. ஐஸ் தண்ணீர் பட்டதும் சிரிப்பு நின்றுவிடும்.

முதல் தடவை எல்லாமே சொதப்பும். கவசத்தைக் கழற்றவே மூன்று நிமிடம். தொட்டி இருக்கும் இடத்துக்குத் தூக்கிவருவதற்குள் நான்கு பேருக்கும் மூச்சு வாங்கும். தண்ணீரைக் கலக்கிக்கொண்டே இருக்க வேண்டும். இல்லையென்றால் உடலை ஒட்டிய தண்ணீர் வெதுவெதுப்பாகிவிடும். அந்த வேலையை யார் செய்வது என்று யாருக்கும் சொல்லியிருக்க மாட்டார்கள். அவசர எண்ணை அழைத்தவர் எந்த கேட் வழியாக ஆம்புலன்ஸ் வர வேண்டும் என்று சொல்லத் தெரியாமல் விழிப்பார். இரண்டாவது தடவை கொஞ்சம் தேவலை. மூன்றாவது தடவை யாரும் யாரையும் பார்த்துக் கத்த மாட்டார்கள்.

இதில் எல்லோருக்கும் கூச்சம் தரும் ஒரு விஷயம் உண்டு. ஓடிக் களைத்த உடலின் உண்மையான வெப்பத்தை நெற்றியிலோ காதிலோ வாயிலோ வைத்து அளக்க முடியாது. ஆசனவாய் வழியாக அளப்பதுதான் நம்பகமானது. ட்ரெய்னர்களுக்கு இது தெரியும். ஆனால் பலர் செய்வதில்லை என்பதை ஆய்வுகளே சொல்லியிருக்கின்றன. காரணம் அறியாமை இல்லை. பதினைந்து வயதுப் பையன், சுற்றிலும் ஆட்கள், பெற்றோர் என்ன சொல்வார்களோ என்ற பயம், பள்ளி நிர்வாகம் துணை நிற்குமா என்ற சந்தேகம். இதற்கான விடை எந்த மாநாட்டிலும் கிடைக்காது. அந்தப் பள்ளியிலேயே உட்கார்ந்து பேசி முடிவுசெய்ய வேண்டும். மறைப்புக்குத் துணி யார் பிடிப்பது, கூட இன்னொரு பெரியவர் யார் இருப்பது, சீசன் தொடங்கும் முன் பெற்றோர் கூட்டத்தில் இதை எப்படிச் சொல்வது... அந்தக் கூட்டத்தில் தயங்காமல் சொல்லும் ட்ரெய்னருக்குப் பெரும்பாலும் பெற்றோரிடமிருந்து எதிர்ப்பு வராது. பிள்ளையின் உயிர் என்றால் எந்த அம்மா மறுக்கப்போகிறார்?

ஜார்ஜியா பள்ளிகளில் இன்னொரு வழக்கமும் உண்டு. வெயில், ஈரப்பதம், காற்று மூன்றையும் சேர்த்து அளக்கும் கருவியை மைதானத்தில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் பயிற்சியைத் தொடங்குகிறார்கள். அந்த அளவு 92 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டினால் வெளியில் பயிற்சியே கூடாது. கோச் முறைத்தாலும் கூடாது. அந்த விதியைச் சொல்லி கோச்சை எதிர்த்து நிற்பதும் ஒரு பயிற்சிதான். அதற்குப் புள்ளி கொடுக்க யாரும் இல்லை.

சின்சினாட்டியில் ஓர் இரவு

ஒத்திகை வேலை செய்தால் எப்படி இருக்கும் என்பதை 2023 ஜனவரி 2-ம் தேதி இரவு அமெரிக்காவே டி.வி-யில் பார்த்தது. சின்சினாட்டியில் பஃபலோ பில்ஸ் அணிக்கும் சின்சினாட்டி பெங்கால்ஸ் அணிக்கும் ஆட்டம். பில்ஸ் அணியின் டமார் ஹாம்லின், வயது 24, எதிரணி வீரரை மடக்கிப் பிடித்துவிட்டு எழுந்தார். இரண்டு அடி வைத்தார். அப்படியே பின்னால் சாய்ந்தார். மார்பில் குறிப்பிட்ட நொடியில் விழுந்த அடியால் இதயம் நின்றுவிட்டது.

உதவி ட்ரெய்னர் டென்னி கெலிங்டன் மைதானத்திலேயே சிபிஆர் செய்தார். இதயத்துக்கு மின்னதிர்ச்சி கொடுக்கும் கருவி வந்தது. ஹாம்லின் பிழைத்தார், அடுத்த சீசனிலேயே திரும்ப விளையாடவும் செய்தார்.

‘அதிர்ஷ்டம்’ என்று பலர் சொன்னார்கள். அது பாதிதான் உண்மை. அந்த லீகில் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் 60 நிமிடங்களுக்கு முன் இரண்டு அணிகளின் மருத்துவக் குழுவும் ஒன்றுகூடிப் பேசும். யார் எங்கே நிற்பார், கருவி எங்கே, ஆம்புலன்ஸ் எந்த வழி, எந்த ஆஸ்பத்திரி என்பதையெல்லாம் அப்போதே பேசி முடித்துவிடுவார்கள். அவசரத் திட்டத்தை ஒவ்வொரு அணியும் ஒத்திகை பார்த்தே ஆக வேண்டும். அந்த வருடம் ஜூலையில் நடந்த ஈஎஸ்பிஒய் விழாவில் பில்ஸ் அணியின் ட்ரெய்னர் குழுவுக்கு பாட் டில்மேன் விருது கொடுத்தார்கள். மேடையில் நின்ற தலைமை ட்ரெய்னர் எல்லோரிடமும் வைத்த வேண்டுகோள், சிபிஆர் கற்றுக்கொள்ளுங்கள் என்பதுதான்.

சிபிஆரும் மாறிக்கொண்டேதான் வந்திருக்கிறது. முன்பு முதலில் மூச்சுக் கொடு, பிறகு மார்பை அழுத்து என்று சொல்லித்தந்தார்கள். 2010-ல் வரிசை மாறியது, அழுத்துவதுதான் முதலில். 2015-ல் வேகத்துக்கு மேல் வரம்பும் வந்தது. நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை வகுப்பில் பொம்மையை அழுத்திப் பழகியவர்களின் கைத்திறன் சில மாதங்களிலேயே தேய்ந்துவிடுகிறது என்பதும் தெரிந்த விஷயம். அதனால்தான் அமெரிக்க இதயச் சங்கம் ஒரு மாற்று வழியையும் வைத்திருக்கிறது. பொம்மையும் கணினியும் பொருத்திய ஒரு தள்ளுவண்டியை ஆஸ்பத்திரி வார்டிலேயே வைத்துவிடுகிறார்கள். நர்ஸ்கள் மூன்று மாதத்துக்கு ஒருமுறை, வேலைக்கு நடுவே சில நிமிடங்கள் அழுத்திப் பழகிவிட்டுப் போகலாம். அழுத்தம் போதவில்லை என்றால் திரை உடனே சொல்லிவிடும். எட்டு மணி நேர வகுப்பைவிட இந்தச் சில நிமிடங்களுக்கு மதிப்பு அதிகம். ஆனால், மணிக்கணக்கில் பார்த்தால் இதற்குப் புள்ளி சொற்பம்தான்!

கற்றுத்தருவது யார்?

பணக்கார லீகுகளில் ஒரு மைதானத்துக்கு முப்பது மருத்துவ ஊழியர்கள் நிற்கிறார்கள். பள்ளி ட்ரெய்னரோ ஒண்டிக்கட்டை. ‘சக ஊழியரிடமிருந்து கற்றுக்கொள்’ என்றால் அவருக்குச் சக ஊழியர் எங்கே?

ஒரு வழி, பயிற்சிக்கு வரும் கல்லூரி மாணவர்கள். முதுகலை படிக்கும் மாணவர்களைப் பள்ளிகளுக்கு அனுப்பி, அனுபவமுள்ள ட்ரெய்னரின் கீழ் வேலை பழகச் சொல்வார்கள். பெயருக்கு மாணவர், ஆனால் போன மாதம் வெளியான ஆய்வைப் படித்திருப்பவர் அவர்தான். தலையில் அடிபட்ட மாணவியை இருட்டறையில் ஒரு வாரம் படுக்கவைக்க வேண்டும் என்று பெரியவர் சொல்வார். ‘மேடம், இப்போ அப்படிச் சொல்றதில்லை’ என்பார் சின்னவர். உண்மையில், முதல் ஒன்றிரண்டு நாள் ஓரளவு ஓய்வு, பிறகு மெல்ல மெல்ல நடப்பது போன்ற லேசான உடலுழைப்பு என்பதுதான் இன்றைய வழிமுறை. 2022-ல் ஆம்ஸ்டர்டாமில் கூடிய உலக நிபுணர்களும் இதையே வலியுறுத்தினார்கள். இருபத்துமூன்று வயதுப் பெண் சொல்வதை நாற்பது வயதுக்காரர் காது கொடுத்துக் கேட்டால் அன்று இரண்டு பேருக்கும் வகுப்பு நடந்ததாக அர்த்தம். கேட்காவிட்டால் அந்த மாணவி ஒரு வாரம் இருட்டில் கிடப்பாள்.

தலையில் அடிபடுவது பற்றிய படிப்பு ட்ரெய்னரோடு நிற்க முடியாது என்பதற்கும் கதை உண்டு. 2006-ல் வாஷிங்டன் மாநிலத்தில் ஸாக்கரி லிஸ்டெட் என்ற 13 வயதுச் சிறுவன் தலையில் அடிபட்டும் மறுபடி ஆட அனுப்பப்பட்டான். ஆட்டம் முடிந்ததும் சரிந்து விழுந்தான். மூளையில் அறுவை சிகிச்சை, பல மாதங்கள் பேச்சில்லை, பல வருடங்கள் சக்கர நாற்காலி. 2009-ல் அவன் பெயரிலேயே அந்த மாநிலம் சட்டம் போட்டது. சந்தேகம் வந்தாலே வெளியேற்ற வேண்டும். பயிற்சி பெற்ற மருத்துவப் பணியாளர் எழுத்தில் அனுமதி கொடுக்காமல் திரும்ப இறக்கக் கூடாது. கோச், பெற்றோர், விளையாடும் பிள்ளைகள் எல்லோருக்கும் இதைச் சொல்லித்தர வேண்டும். சில வருடங்களிலேயே 50 மாநிலங்களிலும் இப்படியொரு சட்டம் வந்துவிட்டது. அந்தப் பாடத்தைப் பள்ளிக்குள் நடத்துவது பெரும்பாலும் யார் தலையில் விழுகிறது என்று சொல்லத் தேவையில்லை.

இன்னொரு வழி, ஆம்புலன்ஸ்காரர்கள். கழுத்தில் அடிபட்டுக் கிடக்கும் வீரரைத் தூக்குவது தனி ஆள் வேலை இல்லை; ஆறேழு பேர் ஒரே மூச்சில் தூக்க வேண்டும். ஒருகாலத்தில், ‘ஹெல்மெட்டைத் தொடாதே, ஆஸ்பத்திரியில் கழற்றிக்கொள்வார்கள்’ என்பது வேதவாக்கு. 2015-ல் சங்கத்தின் வழிகாட்டுதல் திரும்பியது. பயிற்சி பெற்றவர்கள் போதிய அளவு இருந்தால், ஆம்புலன்ஸில் ஏற்றும் முன் மைதானத்திலேயே கழற்றலாம் என்றது. ட்ரெய்னருக்குப் புது விதி தெரிந்து, ஆம்புலன்ஸ் ஊழியருக்குப் பழைய விதிதான் தெரியும் என்றால் என்ன ஆகும்? அடிபட்டவரின் தலைமாட்டில் வாக்குவாதம் நடக்கும். அதனால் அந்தப் பாடத்தை இருவரும் சேர்ந்துதான் படிக்க வேண்டும்.

ட்ரெய்னரின் இடுப்புப் பையில் ஒரு சின்ன பேட்டரி ஸ்க்ரூடிரைவர் இருக்கும். ஹெல்மெட்டின் முகக்கம்பியைக் கழற்றுவதற்கு. வியர்வையில் அந்தத் திருகுகள் துருப்பிடித்துச் சுற்றாமல் நின்றுவிடும் என்பதால் வெட்டுக் கருவி ஒன்றும் கூடவே. கம்பெனிகள் ஹெல்மெட் மாடலை மாற்றும்போதெல்லாம் புதிதாகப் பழக வேண்டும். எந்தப் பையன் எந்த மாடல் போட்டிருக்கிறான் என்பது அந்தப் பள்ளியின் ட்ரெய்னருக்கு மட்டுமே தெரிந்த பாடம். அதைச் சிகாகோவிலிருந்து வெபினார் நடத்துகிறவர் சொல்லித்தர முடியாது.

இதையெல்லாம் செய்ய லட்சங்கள் செலவாவதில்லை. ஒத்திகைக்கு ஒரு மதியம், கோச்சுகளைக் கட்டாயமாக வரச் சொல்லும் ஒரு பிரின்சிபல், ட்ரெய்னர் படிப்பதையும் வேலை நேரமாகக் கணக்கில் எடுத்துக்கொள்கிற நிர்வாகம். மூன்றாவதுதான் கிடைப்பதில்லை. மாநாட்டுக்கு அனுப்பினால் ரசீது கிடைக்கும். ‘எங்கள் ஊழியர்களைப் படிக்க வைக்கிறோம்’ என்று காட்டலாம். தொட்டியில் தண்ணீர் நிரப்பி ஒரு மதியம் செலவழித்ததற்கு ரசீது இல்லை. அவசரத் திட்டத்தை வருடத்துக்கு ஒருமுறையாவது ஒத்திகை பார்க்க வேண்டும் என்று சங்கம் 2002-லேயே எழுதிவைத்திருக்கிறது. எத்தனை பள்ளிகளில் அது சுவரில் ஒட்டிய காகிதமாக மட்டும் இருக்கிறது என்பதை, அந்தச் சுவர்களுக்குப் பக்கத்தில் வேலை பார்ப்பவர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

ஜோர்டன் மெக்நேரின் தந்தை மார்ட்டி மெக்நேர், மகன் பெயரில் ஓர் அறக்கட்டளை தொடங்கி, வெப்பத் தாக்கு பற்றிப் பெற்றோர்களிடமும் மாணவர்களிடமும் பேசி வருகிறார். 2021-ல் மேரிலாந்தில் வந்த விளையாட்டு வீரர் பாதுகாப்புச் சட்டத்துக்கும் ஜோர்டனின் பெயர்தான்.

ஆகஸ்ட் பிறந்துவிட்டால் ஜார்ஜியாவில் அந்த ட்ரெய்னருக்கு மூச்சுவிட நேரம் இருக்காது. அதற்குள் அவர் முடிக்க வேண்டிய வேலைகளில் ஒன்று, உள்ளூர் ஆம்புலன்ஸ் நிலையத்துக்குப் போன் செய்வது. போன வருடம் ஒத்திகைக்கு வந்த ஊழியர்களில் பாதிப் பேர் மாற்றலாகியிருப்பார்கள். புதிதாக வந்தவர்கள் ஒரு சாயங்காலம் வண்டியோடு வந்து, மைதானத்துக்குள் எந்த வழியாகத் திரும்புவது என்று பார்த்துவிட்டுப் போக வேண்டும். வடக்குப் பக்க கேட்டில் எப்போதும் பூட்டுத் தொங்கும். சாவி வாட்ச்மேனிடம் ஒன்று இருக்கிறது. இன்னொன்று செய்து வாங்கிக்கொள்ள வேண்டும்.